பந்தியில் பரிமாறுகிறவர்

கேள்வி: எங்கள் ஊரில் பெரிய விளையாட்டுப் போட்டி நடந்தால் தன்னார்வலராகப் போகலாமா? சம்பளமும் இல்லை, ஆட்டத்தையும் பார்க்க முடியாது என்கிறார்களே! (வாசகி, கரமனை, திருவனந்தபுரம்)

பதில்: அவசியம் போங்கள் அம்மா! ஆற்றுக்கால் பொங்காலையன்று தெருவெங்கும் மோரும் தண்ணீரும் கொடுப்பவர்களிடம் சம்பளம் எவ்வளவு என்று யாராவது கேட்டதுண்டா? கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிறவர் தாலி கட்டுவதைப் பார்த்திருக்கமாட்டார். ஆனால் யாருக்கு இன்னொரு கரண்டி பாயசம் வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

2015 ஜனவரி 31-ல் உங்கள் காரியவட்டம் மைதானத்தில்தான் 35-வது தேசிய விளையாட்டுப் போட்டி தொடங்கியது. பிரப்பன்கோடு நீச்சல் குளத்தில் சஜன் பிரகாஷ் 6 தங்கம் அள்ளினார். அவர் நீந்தக் குளம் போதும். ஆனால் வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் பேருந்தைக் காட்டவும், தண்ணீர் பாட்டிலை நீட்டவும், வழி சொல்லவும் ஆள் வேண்டுமே! 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அப்படி 70,000 பேர் நின்றார்கள்.

கரமனைக்காரருக்குத் தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும். மொழி தெரியாமல் தவிக்கும் நாகர்கோவில் பையனுக்கும் கோழிக்கோட்டு நடுவருக்கும் நடுவில் நீங்கள் நின்றால், அதுவும் ஒரு பதக்கம்தான். பழகிய, கடிக்காத செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள். நாளெல்லாம் நிற்க வேண்டியிருக்கும்.