ஒப்படைப்புப் படலம்

முகூர்த்தம் முடிந்து, பந்தி கலைந்து, பந்தல்காரர்கள் மூங்கிலை அவிழ்க்கத் தொடங்கிவிட்டால், விவாகம் என்னும் மகத்தான காரியம் சுபமாக நிறைவேறிவிட்டது என்று பெண் வீட்டாரும், பிள்ளை வீட்டாரும், சமையல்காரரும், நாதஸ்வரக்காரரும் ஏகமனதாக முடிவு செய்துவிடுகிறார்கள். மாயவரத்தில் ஒரு ஸ்டூடியோவை வைத்துக்கொண்டு காலக்ஷேபம் செய்கிற எனக்கு மாத்திரம் அந்தப் பாக்கியம் கிடையாது. எடுத்த படங்களை எந்த ரூபத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்கிற பிரச்னை அன்றைக்குத்தான் பிறக்கிறது. படம் எடுப்பதற்குக் கருவி உண்டு, பயிற்சி உண்டு, வெளிச்சமும் சற்று அனுகூலமாக இருந்தால் காரியம் ஆகிவிடும். படத்தை ஒப்படைப்பதோ குடும்ப சாஸ்திரத்தைச் சேர்ந்தது. அதற்கு எந்தக் கம்பெனியும் இதுவரை கையேடு அச்சிட்டுத் தரவில்லை.

ஃபிலிம் காலத்தில் இந்தச் சங்கடம் இல்லை. சுருள் ஒன்றுக்கு 36 படம். சுருளின் விலை தெரிந்திருந்தபடியால் எடுக்கிறவனும் சிக்கனமாக எடுப்பான், நிற்கிறவர்களும் அடக்கமாக நிற்பார்கள். ஆல்பத்தைக் கொடுத்துவிட்டு நெகடிவைப் பத்திரமாகப் பூட்டி வைத்துக்கொண்டால், பிரதி வேண்டுகிறவர்கள் பல வருஷம் கழித்தும் நம் கடைப் படியேறித்தான் ஆகவேண்டும். இப்போதோ இரண்டு நாள் கலியாணத்துக்கு 4,000 படம் என்பது சர்வ சாதாரணம். ஒரு படம் சுமார் 10 எம்பி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 40 ஜிபி ஆகிறது. 700 எம்பி கொள்ளும் சிடியில் இதை அடைப்பதானால் 58 சிடி வேண்டும், 4.7 ஜிபி டிவிடியானால் 9 போதும். ஆயினும் டிவிடிதான் வேண்டுமென்று கேட்கிற கிருஹஸ்தர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வீட்டில் அதை ஓட்டுகிற பெட்டி இருக்கிறதா என்று விசாரித்தால், பெட்டி பழுதாகி வெகுகாலம் ஆயிற்றென்றும், பெரியவள் கலியாணத்துக்கு டிவிடி கொடுத்துவிட்டுச் சின்னவளுக்குக் குறை வைக்கலாமா என்றும் பதில் வருகிறது. இதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்? எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

பென் டிரைவில் இருக்கிற தொல்லை அது சின்னதாக இருப்பதுதான். லட்ச ரூபாய்க்குப் பில் போட்டுவிட்டு, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியதான ஒரு வஸ்துவை எடுத்து நீட்டினால், எப்பேர்ப்பட்ட தாராள சிந்தையுள்ளவருக்கும் முகம் மாறிவிடுகிறது. ஆகவே தம்பதிகளின் பெயர் செதுக்கி, உள்ளே சிவப்பு வெல்வெட் ஒட்டிய மரப்பெட்டி ஒன்று அவசியமாகிறது. டிரைவைக் காட்டிலும் பெட்டிக்கு விலை அதிகம் என்பது தொழில் ரகசியம். இரண்டு சம்பந்திகளுக்கும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஒரே மரத்தில் செய்யவேண்டும் என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்க. கூட்டுறவுச் சங்கங்களில் தணிக்கை செய்து ஓய்வு பெற்ற பெண்ணின் தகப்பனார் ஒருவர், பெட்டியைப் பெற்றுக்கொண்ட மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்பே வந்து நின்றார்.

"தம்பி, மேலே 64 ஜிபின்னு போட்டிருக்கு. கம்ப்யூட்டர்ல சொருகிப் பார்த்தா 59 சொச்சந்தான் காட்டுது. பாக்கி எங்கே?"

தயாரிக்கிறவர்கள் ஆயிரத்தை ஆயிரமாகவே கணக்கிடுகிறார்கள் என்றும், விண்டோஸ் அதை 1,024 ஆகக் கணக்கிடுவதால் தொகை குறைந்து தோன்றுகிறதென்றும், உள்ளே இருக்கும் சரக்கில் இம்மியும் குறையவில்லை என்றும் சவிஸ்தாரமாக எடுத்துச் சொன்னேன். "இதென்ன ரேஷன் கடை எடையா?" என்றார் அவர். கடைசியில் அவருக்குச் சாந்தி அளித்தது என் கணித வியாக்கியானம் அன்று. பிள்ளை வீட்டாருடைய பெட்டியிலும் அதே 59 சொச்சந்தான் காட்டுகிறது என்ற செய்திதான்.

அதன் பிறகு தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது. பழைய எஃப்ஏடி32 முறையில் தயார் செய்த டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. ஒன்றரை மணி நேரக் கலியாணப் படம் 6 ஜிபிக்குக் குறைவதில்லை. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் கோப்பு ஏறிவிடும். ஆனால் கூடத்தில் வீற்றிருக்கும் பழைய டிவி அந்த டிரைவை அறிமுகமே இல்லாதவரைப் போலப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். இந்தக் காரணத்தால், ஆர்டர் எடுக்கும்போது முகூர்த்தத் தேதியைக் கேட்பதற்கு முன்னால் டிவி வாங்கிய வருஷத்தைக் கேட்டுக்கொள்வது என் வழக்கம்.

ஸ்லைடு ஷோவைப் பற்றிச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது. வரவேற்பு மேடையின் எல்இடி திரையில், நான்கு நிமிஷப் பாட்டு ஒன்றின் பின்னணியில், படத்துக்கு நான்கு விநாடி வீதம் ஓடவிட்டால் சரியாக 60 படங்கள் கொள்ளும். பெண்ணும் பிள்ளையும் தனித்தனியே குழந்தைப் பருவத்திலிருந்து வளர்ந்து வருவதற்கே பாதி போய்விடுகிறது. எஞ்சிய 30 படங்களுக்குள் இரண்டு குலத்துப் பெரியப்பாக்களும், சித்தப்பாக்களும், மூன்று தலைமுறை அத்தைமார்களும், சீர் செய்கிற தாய்மாமன்களும், துபாயிலிருந்து விமானச் செலவு செய்து வந்த ஒன்றுவிட்ட அத்தானும் பிரவேசித்தாக வேண்டும். பார்வையாளர்கள் பாட்டைக் கேட்பதில்லை, விநாடியை எண்ணுகிறார்கள். தம் அண்ணன் குடும்பம் நான்கு விநாடி நின்றது, எதிர்ப்பக்கத்து மாமா எட்டு விநாடி நின்றார் என்று ஓர் அம்மாள் என்னிடம் குற்றம் சாட்டியபோது, இரண்டு படங்கள் அடுத்தடுத்து அமைந்துவிட்ட தற்செயல் அது என்று நான் கூறியதை அவர் ஏற்கவில்லை. 'கென் பர்ன்ஸ் எஃபெக்ட்' என்று மென்பொருளில் ஒரு வசதி உண்டு. படம் மெல்ல நகர்ந்து ஒருவர் முகத்தை நெருங்கும். கூட்டுப் படங்களில் அதை நான் பிரயோகிப்பதே இல்லை. யார் முகத்தை நெருங்குவது?

பாட்டிலும் சூக்ஷ்மம் இருக்கிறது. கலியாணக் கொண்டாட்டங்களில் பாட்டு ஒலிப்பதற்கு 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு விலக்குத் தருகிறது; அதே பாட்டை ஸ்லைடு ஷோவில் கோத்து யூடியூபில் ஏற்றினால் அந்தத் தயவு கூடவே தொடர்ந்து வருவதில்லை. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மருமான்கள் இதே சட்டத்தின் 17-ஆவது பிரிவைப் படித்துவிட்டு வருகிறார்கள். கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று அதில் இருப்பது உண்மைதான். ஆகையால் எல்லாப் படங்களையும் கொடுத்துவிடவேண்டும் என்கிறார்கள். கொடுத்துவிடுகிறேன். ஒரு வாரம் கழித்து, "கண்ணை மூடிக்கிட்டிருக்கிற போட்டோவையெல்லாம் எதுக்கு அண்ணே குடுத்தீங்க?" என்று அவர்களே கேட்கிறார்கள்.

வெளிதேச உறவினருக்கு லிங்க் அனுப்புவதுதான் உசிதம் என்பது என் அபிப்பிராயம். நியூஜெர்ஸியில் இருக்கிறவர் உறங்கி எழுவதற்குள் படங்கள் அவர் வசம் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் உள்ளூர்ப் பெரியவர்களுக்கு லிங்க் என்றால் வாட்ஸ்அப்பில் வருவது; வாட்ஸ்அப்பில் வராதது வரவே இல்லை. 6,000-க்கு 4,000 என்று 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் கொண்ட படத்தை அங்கே சாதாரணமாக அனுப்பினால், அகலம் சுமார் 1,600 புள்ளியாகச் சுருங்கி, மொத்தம் 17 லட்சத்துச் சில்லறைதான் மிஞ்சுகிறது. டாக்குமெண்டாக அனுப்பினால் முழுசாகப் போகும் என்று குடும்பத்துக்குக் குடும்பம் உபதேசம் செய்து பார்த்துவிட்டேன். அனுப்புகிறவர் டாக்குமெண்டாகவே அனுப்பினாலும், பெறுகிறவர் அதைத் திறந்து, திரையைப் படம் பிடித்து, அந்தப் படத்தை மற்றவருக்கு அனுப்புகிறார். இவ்விதம் நாலு வீடு சுற்றி, பேட்டரி அளவும் மணியும் மேலே தெரிய என்னிடமே வந்து சேருகிற பிம்பத்தைக் காட்டி, "இதைப் பெருசா ஃபிளெக்ஸ் அடிச்சுக் குடுங்க, வளைகாப்புக்கு வாசல்ல கட்டணும்" என்கிறார்கள். மூலப் படம் என் கடையிலேயே இருக்கிறது என்று சொன்னால், "இதுதான் நல்லா இருக்கு, இதையே போடுங்க" என்று வற்புறுத்துகிறவர்களும் உண்டு.

லிங்க்குக்கு ஒரு விசேஷ குணம் உண்டு, அதைப் பூட்டலாம். பாக்கித் தொகை வந்த சாயங்காலம் கடவுச்சொல் போகும் என்று வாடிக்கைக்காரர்களிடம் விநயமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். மேற்படி தணிக்கைக்காரர் இரண்டு மாதம் கழித்து, அமெரிக்காவிலிருக்கும் தமது மூத்த மகனின் நிர்ப்பந்தம் தாங்காமல், ஒரு நாள் அந்திநேரத்தில் வந்தார். மேஜையின் மேல் கியூஆர் கோடு ஒட்டியிருக்கிறது. அதை அவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு நிதானமாக வாசித்துப் பார்த்துவிட்டு, மஞ்சள் பையிலிருந்து மொய்ப் பணத்தை எடுத்து மேஜையில் கொட்டினார். நூறும் ஐந்நூறுமாக நோட்டுகள். அவற்றின் நடுவே 101-க்கும் 501-க்கும் சேர்ந்த ஒற்றை ரூபாய் நாணயங்கள் ஒரு குவியல்.

"எண்ணிப் பாருங்க தம்பி. நான் எண்ணிட்டேன், 20,000 இருக்கு. உங்க கம்ப்யூட்டர் எவ்வளவு காட்டுதுன்னு சொல்லுங்க."