சக்கரவர்த்திக்குக் கட்டுப்படியாகாத ஊர்

மத்தியதரைக் கடல் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் மனத்தில் எழும் சித்திரம், வெண்ணிறப் படகுகளும், எஜமானியம்மாளைவிட அதிகமாக அலங்கரிக்கப்பட்ட நாய்க்குட்டிகளும், ஒரு கோப்பைக் காப்பிக்குக் கேட்கிறவன் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்படியான விலையைப் புன்னகையோடு சொல்லும் பரிசாரகர்களும் நிறைந்த நீஸ், மான்டி கார்லோ, காப்ரி முதலிய க்ஷேத்திரங்களாகவே இருக்கும். அந்தக் கடலுக்கு வடகரை இருப்பதுபோலத் தென்கரையும் உண்டு என்பதையும், சூரிய பகவான் இரண்டு கரைக்கும் ஒரே வெயிலைத்தான் அளந்து கொடுக்கிறான் என்பதையும், அந்த வெயிலுக்கு வரி வசூலிக்கும் கலையில் வடகரையார் மட்டுமே பாண்டித்தியம் பெற்றிருக்கிறார்கள் என்பதையும் பூகோளப் பாடத்தில் நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்த உண்மையைத் தம் சொந்த ஆராய்ச்சியால் கண்டுபிடித்தவர் என் அத்தான். அவர் ஜில்லாக் கருவூலத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அதாவது அவர் ஓய்வு பெற்றாரே ஒழிய, பில்லைப் பார்த்தவுடன் ஆட்சேபணை எழுதத் துடிக்கும் அவருடைய வலக்கை ஓய்வு பெறவில்லை. துனீசியாவின் கிழக்குக் கரையில், கடலுக்குள் மெலிந்து நீண்டு செல்லும் ஒரு முனையின்மேல் அமர்ந்திருக்கும் மஹ்தியா என்ற ஊரை அவர் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டி, "மாப்பிள்ளே, இதுக்கு நேர் கிழக்கே 140 கிலோமீட்டர்ல லம்பெதூசான்னு ஒரு தீவு, இத்தாலிக்காரன் கையில் இருக்கு. அதே அட்சரேகை, அதே தண்ணி, அதே மீன். விலை மட்டும் நடுக்கடல்ல எங்கேயோ ஏறிப் போயிடுது. நாம ஏறாத பக்கம் போவோம்" என்றார். இத்தனை சாஸ்திர சம்மதத்தோடு செய்யப்பட்ட யாத்திரைத் தீர்மானத்தை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.

சூஸ் நகரத்திலிருந்து மஹ்தியாவுக்குப் போகும் மின்சார ரயில், வழியிலுள்ள எந்தக் கிராமத்தையும் மனம் நோகச் செய்யக்கூடாது என்ற விரதம் பூண்டதுபோல, ஒலிவ மரத் தோப்புகளுக்கு நடுவே நின்று நின்று செல்லுவது. டிக்கெட்டின் விலையைக் கேட்டதிலிருந்தே அத்தானுக்கு ஒரு தர்மசங்கடம் தொடங்கிவிட்டது. துனீசியாவின் தினார் 1000 மில்லீம் கொண்டது. ஆகவே விலைகளுக்குப் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம். அத்தான் கொண்டுவந்திருந்த கணக்கு நோட்டிலோ ரூபாய்க்கு ஒரு பத்தி, பைசாவுக்கு இரண்டு இலக்க அகலத்தில் ஒரு பத்தி. மூன்றாவது இலக்கத்தை எங்கே எழுதுவது? ஓரத்தில் எழுதினால் அது கணக்கு அல்ல, குறிப்பு. விட்டுவிட்டால் அது மோசடி. கடைசியில், ரயிலின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, மத்தியதரைக் கடலின் முதல் தரிசனம் கிடைக்க வேண்டிய நேரத்தில், பக்கந்தோறும் ஸ்கேல் வைத்துப் புதுக்கோடு போட்டுக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்.

கோடு போட்டதற்குப் பலன் இருந்தது. நீண்ட பிரெஞ்சு ரொட்டி ஒன்று 190 மில்லீம். தினாருக்கு முப்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆறு ரூபாய்க்கும் குறைவு. இந்த விலை அப்படி அசையாமல் கிடப்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1983ஆம் ஆண்டின் முடிவில் சர்க்கார் மானியத்தைக் குறைத்து ரொட்டி விலையை ஒரேயடியாக ஏற்ற, நாடெங்கும் கலகம் மூண்டு, உயிர்ச்சேதமும் நேர்ந்து, 1984 ஜனவரி 6ஆம் தேதி ஜனாதிபதி புர்கீபா பழைய விலைக்கே திரும்புவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து ரொட்டியின் விலையைத் தொடுவதென்றால் அங்கே எந்த மந்திரிக்கும் கை நடுங்கும். இதையெல்லாம் நான் விஸ்தாரமாகச் சொல்லி முடித்தபோது, அத்தான் ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, "மானியம் வெளியூர்க்காரனுக்கும் செல்லுமா, இல்லே உள்ளூர்க்காரனுக்கு மட்டுமா? ஆணையைப் படிச்சாத்தான் தெரியும்" என்று கவலைப்பட்டார், ஆனாலும் சாப்பிட்டார்.

சாப்பாட்டுக் கடைகளில் அவருக்குக் காத்திருந்த ஆனந்தம் இன்னும் பெரிது. நாம் எதையும் கேட்பதற்கு முன்பே ஒரு கூடை ரொட்டியும், ஒரு தட்டில் ஒலிவக் காய்களும், ஹரீஸா என்ற செக்கச்செவேலென்ற மிளகாய் விழுதும் மேஜைக்கு வந்துவிடும். அவற்றுக்குத் தனிக் கட்டணம் இல்லை. மிளகாய், பூண்டு, சீரகத்துக்கு ஒன்றுவிட்ட உறவான ஒரு வாசனை விதை, எல்லாம் சேர்த்து இடித்த அந்த விழுதில் ஒலிவ எண்ணெயை ஊற்றி, விரலால் குழைத்து, இட்லிக்கு மிளகாய்ப் பொடி தொட்டுக்கொள்ளும் அதே பாவனையில் ரொட்டியைத் தோய்த்து அத்தான் உண்டதைக் கண்ட பரிசாரகர், தம் தேசத்து உணவை இப்படி ஆராதிக்கும் அதிதிக்கு மரியாதை செய்யும் பொருட்டு இரண்டாவது கூடையும் கொண்டுவந்து வைத்தார். விலை கொடுத்து வாங்கிய பண்டம் வருவதற்குள் அத்தானின் வயிறு இலவசத்தால் நிரம்பியிருந்தது.

அந்தப் பண்டம் பிரிக் என்பது. காகிதம்போன்ற மெல்லிய மாவுத் தகட்டினுள் ஒரு முட்டையை உடைத்து விட்டு, மடித்து, எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். மேலே மொறுமொறுப்பாகவும், உள்ளே மஞ்சட் கரு இளகிய நிலையிலும் இருக்க வேண்டும் என்பது இலக்கணம். கத்தி, முள்கரண்டி உபயோகிப்பது அநாகரிகம். இரண்டு முனைகளையும் விரலால் பற்றி, நடுவே கடித்து, கரு வெளியே ஓடுவதற்குள் உறிஞ்சிவிட வேண்டும். பக்கத்து மேஜையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இதைச் சொட்டுச் சிந்தாமல் செய்து முடித்தாள். அத்தானின் சட்டைக்கு ஏற்பட்ட சலவைச் செலவு நோட்டில் 'இதர வகை' என்ற தலைப்பின்கீழ்ப் பதிவாயிற்று.

பழைய ஊருக்குள் நுழைய, ஸ்கீஃபா அல் கஹ்லா என்ற வாசல் வழியாகப் போக வேண்டும். அதை வாசல் என்பதைவிடச் சுரங்கம் என்பது பொருந்தும். பருத்த சுவரினூடே நீண்டு செல்லும் இருண்ட கவிகை வழி. ஒரு காலத்தில் நிலத்தின் பக்கத்திலிருந்து ஊருக்குள் வர அது ஒன்றே மார்க்கம். "நம்ம கருவூலத்துக்கு இப்படி ஒரு வாசல் இருந்திருந்தா, காண்ட்ராக்டர்களை ஒவ்வொருத்தனா உள்ளே விட்டிருக்கலாம்" என்று அத்தான் பெருமூச்செறிந்தார். இந்த ஊரை ஃபாத்திமிய கலீஃபாவான அல் மஹ்தி 916ஆம் ஆண்டு கட்டத் தொடங்கி, 921இல் குடிபுகுந்து, தம் பெயரையே அதற்கு வைத்தார். அவருடைய வம்சத்தார் 969இல் எகிப்தைப் பிடித்துக் கெய்ரோ மாநகரை நிர்மாணித்துக்கொண்டு அங்கேயே போய்விட்டார்கள். மஹ்தியாவுக்கு மிஞ்சியது, மரநிழலில் நாலு காப்பிக் கடைகள் கொண்ட ஒரு சின்னஞ்சிறு சதுக்கம். அதற்குக் கெய்ரோ சதுக்கம் என்று பெயர்.

அதன் பிறகு இங்கு வந்த வெளியூர்க்காரர்கள் யாரும் அறை வாடகை விசாரித்துக்கொண்டு வந்தவர்கள் அல்லர். 1087இல் ஜெனோவாக்காரரும் பீசாக்காரரும் கூட்டாகக் கொள்ளையிட வந்தார்கள். 1148இல் சிசிலியிலிருந்து நார்மானியர். 1390இல் பிரெஞ்சுப் பிரபுக்கள் முற்றுகையிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். 1550இல் ஸ்பெயின் சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸின் படைகள், துர்குத் என்ற கடலோடித் தலைவனிடமிருந்து ஊரைப் பறித்தன. சரித்திரத்தின் ரசமான கட்டம் இனிமேல்தான். அமெரிக்கக் கண்டத்து வெள்ளி கப்பல் கப்பலாக வந்து கொட்டிய அந்தச் சக்கரவர்த்தி, இந்த ஊரைக் காத்து நிற்பதற்கு ஆகும் செலவைக் கண்டு மிரண்டு, மால்டாவிலிருந்த புனித யோவான் சபை வீரர்களைப் பார்த்து, "நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். செலவு அதிகம் என்று மறுத்துவிட்டார்கள். வேறு வழியின்றி 1554இல் கோட்டைச் சுவர்களை வெடிமருந்து வைத்துத் தகர்த்துவிட்டு ஸ்பானியர் கப்பலேறினர்.

இதைக் கேட்டபோது அத்தானின் முகத்தில் தோன்றிய தேஜஸை நான் வர்ணிக்க இயலாது. சூரிய அஸ்தமனம் எந்த நேரம் என்றுகூடக் கேட்டறியாதவர், அந்தச் சபையார் எழுதிய ஆட்சேபணைக் குறிப்பின் நகல் எங்கே கிடைக்கும் என்று ஆவலோடு விசாரித்தார். சக்கரவர்த்திக்குக் கட்டுப்படியாகாத ஊரில், மாதப் பென்ஷன்காரர் ஒருவர் காற்றோட்டமான அறையும் மூன்று வேளைச் சாப்பாடுமாகத் தங்கியிருக்கிறார் என்ற எண்ணம் அவரை ஓர் அங்குலம் உயர்த்திவிட்டது. அன்று முதல் சிதைந்த மதிற்சுவரின் ஓரமாக நடக்கும்போதெல்லாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார்.

முனையின் கோடியில் கலங்கரை விளக்கமும், அதைச் சுற்றிக் கடலை நோக்கிச் சரிந்து இறங்கும் வெள்ளைச் சமாதிகளும் இருக்கின்றன. மூன்று பக்கமும் நீலக் கடல். வடகரையில் இத்தகைய இடம் அகப்பட்டிருந்தால் ஏழு நக்ஷத்திர விடுதி எழும்பியிருக்கும். மஹ்தியாவினரோ ஊரிலேயே சிறந்த காட்சியைத் தம் முன்னோருக்கு ஒதுக்கிவிட்டு, தாங்கள் உட்புறச் சந்துகளில் வசிக்கிறார்கள். அத்தான் சிறிது நேரம் மௌனமாக நின்று, "வாடகை பாக்கி வைக்காத குடித்தனக்காரங்க" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சமான அஞ்சலி அது.

மாலை வேளைகளைக் கெய்ரோ சதுக்கத்தில் கழித்தோம். புதினா போட்ட தேநீரில் பைன் விதைகள் மிதக்கும். ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு எத்தனை நாழிகை உட்கார்ந்திருந்தாலும் எழுந்திரு என்று சொல்வாரில்லை. விரியாத மல்லிகை அரும்புகளைப் புல் குச்சியில் கட்டிச் சிறு செண்டாக விற்பார்கள். அதை அங்கே ஆண்கள் காதில் செருகிக்கொள்கிறார்கள், மீசை நரைத்த கிழவர்கள் உள்பட. அத்தானும் விலை கேட்டு, வாங்கி, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் செருகிக்கொண்டார். புகைப்படம் எடுக்க மட்டும் அனுமதிக்கவில்லை. அக்கா கைக்கு அது போய்ச் சேரக்கூடாதாம்.

ஊருக்குப் புறப்படும் தறுவாயில்தான் விதி குறுக்கிட்டது. துனீசிய தினாரை அந்நாட்டு எல்லைக்கு வெளியே எடுத்துச் செல்வதைச் சட்டம் தடுக்கிறது. ரசீதைக் காட்டினால் ஒரு பகுதியைத் திரும்ப மாற்றிக்கொள்ளலாம். ரசீதுகளும் அத்தானிடம் தேதிவாரியாக நூலில் கோத்து இருந்தன. ஆனால் வங்கிக்காரன் விற்ற விலைக்கும் வாங்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டுப் பார்த்தவர், "நான் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி மிச்சம் பிடிச்சது அவனுக்கு லாபம் காட்டவா?" என்று கொதித்தெழுந்தார். மிச்சம் பிடிக்கப்பட்ட தினார்களோ கணிசமாக இருந்தன.

மஹ்தியாவின் சந்துகளில் இன்னும் கைத்தறியில் பட்டு நெய்கிறார்கள். ஒரு நெசவாளரின் சிறு கடைக்குள் நுழைந்து, ஒரு பட்டுச் சால்வையை அத்தான் கையில் எடுத்தார். தொண்ணூறு தினார் என்றார் நெசவாளர். விலை கேட்டவுடன் பாதிக்குக் கேட்பதே வழக்கமாகக் கொண்டவர், இன்று பேரம் பேசினால் பணம் தீராது என்பதை உணர்ந்து, வாய் திறவாமல் நின்றார். அந்த மௌனத்தை மிக உயர்ந்த ரகப் பேரமாக எடுத்துக்கொண்ட நெசவாளர் எண்பதுக்கு இறங்கினார். "தொண்ணூறே இருக்கட்டும்" என்று அத்தான் பதறிக் கூற, நான் அரைகுறைப் பிரெஞ்சில் அதை எடுத்துரைக்க, பெரியவர் பரிகாசம் செய்கிறார் என்று கருதிய நெசவாளர் எழுபத்தைந்துக்கு வந்து, தேநீரும் வரவழைத்தார். சட்டத்தைச் சொல்லி விளக்கியதும் விழுந்து விழுந்து சிரித்தாரே தவிர, எழுபத்தைந்துக்கு மேல் ஒரு மில்லீம் வாங்க மறுத்துவிட்டார். போதாக்குறைக்கு, தூரதேசத்து அதிதிக்கு என்று ஒரு கைக்குட்டையை இனாமாக வேறு கட்டிக் கொடுத்தார்.

மிச்சம் இருபது தினாருக்கும் மேல். ரொட்டியாக வாங்கித் தீர்க்கலாமென்றால் நூறு ரொட்டிக்கு மேல் வரும். ரயிலுக்கு ஒரு மணி நேரமே இருக்கையில், அத்தான் கெய்ரோ சதுக்கத்துக்கு விரைந்து, மரநிழலில் சொக்கட்டானும் சீட்டும் ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் தேநீர் கொடுக்கும்படி கடைக்காரருக்குச் சைகை காட்டினார். தம் உத்தியோக காலம் முழுவதும், ஒதுக்கீடு காலாவதியாகிவிடுமே என்று மார்ச் மாதக் கடைசியில் இலாகாக்கள் அவசர அவசரமாகக் கொண்டுவந்து நீட்டும் பில்களைப் படித்துப் பல்லைக் கடித்தவர் அவர். கிழவர்கள் நெஞ்சில் கை வைத்து வந்தனம் தெரிவிக்க, நோட்டைத் திறந்து, தாமே போட்ட மூன்றாவது கோட்டுக்குள் கடைசி மில்லீம் வரைக்கும் பதிந்து, எதிரே 'மார்ச் மாதச் செலவு' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அப்போது செப்டம்பர்.