அஞ்சே நொடியில் காஞ்சிப் பட்டு

வாழ்த்துகள், காஞ்சிபுரம் முன்னேறிவிட்டது! மயில்கண்ணா, கோபுரக்கரையா, இருதலைப்பட்சியா? செயற்கை நுண்ணறிவுச் செயலியில் தட்டினால் அஞ்சே நொடியில் வரிசையாக டிசைன் வந்து விழுகிறது. இவ்வளவையும் மெஷின் யாரிடம் படித்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தறிக்குழியில் காலை விட்டபடியே கிழவர்களாகிப்போன நெசவாளிகளின் சேலைப் படங்களை வாரி விழுங்கித்தான் படித்தது. குருதட்சிணையா? இந்தக் காலத்தில் கட்டைவிரலைக் குருவிடம்தான் வெட்டி வாங்குகிறார்கள்.

கம்ப்யூட்டர் மேல் எனக்கு விரோதமில்லை. கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போட்டுக் கண் பூத்துப்போன காலம் ஒழிந்தது, ஒழியட்டும். ஆனால் கோர்வைச் சேலை நெய்கிற வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், மூன்று நாடா. கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்கப் பக்கத்தில் இன்னொரு ஆள் குந்தியிருக்க வேண்டும். மகனோ மகளோ மனைவியோ, யாருக்குக் கூலியில்லையோ அவர். ஒவ்வோர் ஊடைக்கும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். இங்கே உட்கார எந்த மேதாவி மென்பொருளும் வரவில்லை. கற்பனையை மெஷின் எடுத்துக்கொண்டது. முதுகுவலியைப் பெருந்தன்மையாக நெசவாளிக்கே விட்டுவிட்டது.

விசைத்தறி முதலாளிக்குக் கொண்டாட்டம். அதே டிசைனை மின்னணு ஜக்கார்டில் ஏற்றி ஓட்டினால், கடைக்கு வரும்போது அது ‘அசல் கைத்தறி’. சட்டமே இல்லையா? ஏன் இல்லை! 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கிறது. முதலில் 22 ரகங்கள் கைத்தறிக்கு மட்டும் என்றார்கள். பிறகு அது 11 ஆக இளைத்தது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இல்லாவிட்டால் தறிக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். ஒரே ஒரு கல்யாணச் சேலையை விற்றால் அபராதம் கட்டி மீதியில் விருந்தும் வைக்கலாம். புவிசார் குறியீடோ ஊர்ப்பெயருக்குக் காவல் நிற்கிறது. உள்ளே நெய்கிறவன் வயிற்றுக்கு அது காவலில்லை.

கைத்தறி தின விழாக்களுக்கு மட்டும் குறைவில்லை. பதாகைப் படத்தையும் செயற்கை நுண்ணறிவே வரைந்து தருகிறது: தறியில் பாவே இல்லை, நெசவாளி மட்டும் பல் தெரியச் சிரிக்கிறார். ஆகஸ்ட் 7ஐ தேசியக் கைத்தறி நாளாக 2015இல் சென்னையில்தான் தொடங்கிவைத்தார்கள். அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை 2020 ஜூலை 27 அன்று கலைத்தார்கள். அந்த வருட விழாவுக்குச் சரியாகப் பதினோரு நாள் முன்பு.