அட்மிரல் கெட்டே, நீ கெட்டே!

எங்கள் எம்.கே.பி. நகரிலிருந்து கொஞ்சம் கிழக்கே போனால் காசிமேடு. 23 வயசுப் பையன் ஒருவன் அங்கே போய், "அண்ணே, லாஞ்சு ஓட்ட வர்றேன்" என்று கேட்டுப் பார்க்கட்டும். "முதல்ல ஐஸ் உடை, வலையை இழு, ஆளுங்களுக்குச் சோறு பொங்கு. ஸ்டியரிங்கை அப்புறம் பாக்கலாம்" என்று அனுப்பிவிடுவார்கள்.

டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியன் இந்த விஷயத்தில் ரொம்பத் தாராளம். 1618-ல் ஓவே கெட்டே என்ற 23 வயசுப் பிரபு வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரு கப்பல் கூட்டத்தையே கையில் கொடுத்து, "இலங்கைக்குப் போய் வா" என்றார். தம்பி அதுவரை ஆசியா பக்கம் தலைவைத்துப் படுத்ததுகூட இல்லை. பெயரிலேயே எச்சரிக்கை இருந்தது. டேனிஷ்காரர்களுக்கு அது ஒரு மீன். நம் காதுக்கு? 'கெட்டே!'

இலங்கை ஆசையைக் கிளப்பியவர் பொஸ்ஹோவர் என்ற டச்சுக்காரர். கண்டி ராஜா செனரத்தின் தூதர் என்று சொல்லிக்கொண்டு ஐரோப்பா போனவர். ராஜா கொடுத்த இளவரசர் பட்டம் வேறு கூடவே போனது. சொந்த ஊர் டச்சுக்காரர்கள் அவரை இளவரசராக மதிக்கவில்லை. நம்மவர்களுக்கு நம்மை எப்போது தெரிந்திருக்கிறது? கோபித்துக்கொண்டு டென்மார்க் போனார். போர்த்துக்கீசியரை விரட்டக் கப்பல் அனுப்புங்கள், வியாபாரம் மொத்தமும் உங்களுக்குத்தான் என்றார். 'ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிஷம்' என்று பிளாட் விற்பவரின் குரல் அது. 1618 மார்ச்சில் டென்மார்க் ராஜா ஒப்பந்தம் போட்டார்.

இதில் சின்னச் சிக்கல். செனரத் 1617-லேயே போர்த்துக்கீசியரோடு சமாதானம் ஆகிவிட்டார். கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு, மொய்க் கவரோடு பதினெட்டு மாசப் பிரயாணம் கிளம்பியது டென்மார்க்.

ஆமாம், பதினெட்டு மாசம்! 1618 நவம்பரில் கோபன்ஹேகனை விட்டவர்கள் 1620 மே மாசம்தான் இலங்கையைப் பார்த்தார்கள். அதற்குள் ஆட்களில் பாதிக்கு மேல் செத்துப்போயிருந்தார்கள். அவர்கள் யாரும் பட்டம் கேட்கவில்லை, கூலிக்கு வந்தவர்கள். பொஸ்ஹோவரும் வழியிலேயே காலமானார். பத்திரப்பதிவுக்கு முன்னாலேயே புரோக்கர் போய்விட்டார்.

கண்டியில் அட்மிரல் ஒப்பந்தத்தை நீட்டினார். செனரத் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். சண்டையே இல்லாத இடத்தில் சண்டைக்கு ஆள் எதற்கு? திருகோணமலையில் கோட்டை கட்டும் கனவும் கனவாகவே போனது.

இனி நம் உண்மையான கதாநாயகர் வருகிறார், அதுவும் நீந்தியே. ரோலண்ட் கிராப்பே. கெட்டேவுக்கு முன்னாலேயே நிலவரம் பார்க்க 'ஓரெசுன்ட்' என்ற கப்பலில் கிளம்பியவர். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாரா? போர்த்துக்கீசியக் கப்பல்களைச் சீண்டினார். அவர்கள் காரைக்கால் பக்கம் வைத்து ஓரெசுன்ட்டை மூழ்கடித்தார்கள். இரண்டு பேர் தலையைக் கரையில் கம்பத்தில் குத்தியும் வைத்தார்கள். கிராப்பேயும் 13 பேரும் எப்படியோ கரையேறினார்கள். கரையேறியவர்களைப் பிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே ராஜா ரகுநாத நாயக்கர். வீணையும் கவிதையும் தெரிந்த மனுஷர், கணக்கும் தெரிந்தவர். நாகப்பட்டினத்துப் போர்த்துக்கீசியருக்குப் போட்டியாக இன்னொரு பார்ட்டி இருந்தால் கசக்குமா? ராஜாங்கப் பரிவாரத்தோடு போன அட்மிரலுக்குக் கண்டியில் கிடைக்காதது, நனைந்த கால்சட்டையோடு இழுத்து வரப்பட்டவருக்குத் தஞ்சாவூரில் கிடைத்தது.

கெட்டே தஞ்சாவூர் வந்தார். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. டென்மார்க் ராஜாவுக்கு ரகுநாதர் தங்கத் தகட்டில் கடிதம் அனுப்பினார். எழுத்து தமிழ், கையெழுத்து தெலுங்கு. இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. மறு வருஷமே கெட்டே ஊருக்குக் கப்பலேறிவிட்டார். கோட்டை கட்டிய பெருமை அவருக்கு, கடையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிராப்பேவுக்கு. ஆபீஸ்களில் இந்தப் பங்கீடு உங்களுக்குப் புதிதில்லையே?

அப்புறம் நடந்ததுதான் அமர்க்களம். டென்மார்க் தரங்கம்பாடியைச் சுத்தமாக மறந்துபோனது. பல வருஷம் ஒரு கப்பல்கூட வரவில்லை. 1655-ல் அங்கே மிச்சமிருந்த டேனிஷ்காரர் ஒரே ஒருவர்: எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. சாதாரணக் குடும்பத்து ஆள், எழுதப் படிக்கத் தெரியாது. கட்டாத கப்பப் பாக்கிக்காக நாயக்கர் படை முற்றுகை போட்டபோதெல்லாம் தாக்குப்பிடித்தார். வங்கக் கடலில் போன கப்பல்களைப் பிடித்து, சரக்கை விற்று, அந்தக் காசில் ஊரைச் சுற்றி மதில் கட்டினார். நியாயமா என்று கேட்காதீர்கள், சம்பளம் அனுப்பாத கம்பெனியின் பிராஞ்ச் மேனேஜர் வேறென்ன செய்வார்?

1669 மே மாசம் ஒரு வழியாக 'ஃபேரோ' என்ற கப்பல் வந்து சேர்ந்தது. கோங்ஸ்பாக்கேதான் இனி அதிகாரபூர்வத் தலைவர் என்ற நியமன உத்தரவு அதில் இருந்தது. யாராவது படித்துக் காட்டியிருப்பார்கள் என்று நம்புவோம்.