சிவப்புப் பேனை சேர்

சட்டைப் பையில் சிவப்புப் பேனை இல்லாமல் சேர் மீன் வாங்கக்கூடப் போகமாட்டார். கலியாணக் காட், கடைப் பெயர்ப்பலகை, முச்சக்கரவண்டியின் பின்கண்ணாடி, எதில் ஆங்கிலம் தெரிந்தாலும் கை பையைத் தேடும். அதெல்லாம் சில்லறை வேலை. சேருக்கு மெய்யான ருசி, பேசிக்கொண்டிருக்கும் வாயைப் பாதியில் மறிப்பதில்தான்.

கல்பிட்டியில் பின்னேர வகுப்பு. விறாந்தைப் படியில், திருத்த வைத்த விடைத்தாள் கட்டு. வெளியே ஊர்க் கழுதைகள்; எங்கள் பக்கத்தில் அவற்றுக்கு வேலியும் இல்லை, வேலையும் இல்லை. ஏழாம் ஆண்டுப் பையன் ஒருவன் எழும்பிப் பதறுகிறான்.

"சேர், டொங்கி ஈட் யுவர் பேப்பர்!"

"எப்ப? யெஸ்டர்டேயா, எவ்ரிடேயா?"

"இப்ப சேர்!"

"இப்ப எண்டா? இஸ்... இஸ்..."

"இஸ் ஈட்டிங், சேர்!"

"குட். எந்த டொங்கி? முதல் தரம் சொல்லக்க 'எ டொங்கி'. திரும்பச் சொன்னாத்தான் 'த டொங்கி'. எங்க, முழுசாச் சொல்லு பாப்பம்."

அவன் முழுசாகச் சொல்லி முடித்தபோது தொடர்வினை போய் முற்றுவினை வந்துவிட்டது. கழுதை 'ஹேஸ் ஈட்டன்'. சேர் அதையும் விடவில்லை. ஈட், ஏட், ஈட்டன் என்று மூன்று வடிவத்தையும் வகுப்பு முழுக்கச் சத்தமாகச் சொல்லவைத்தார். அதற்குள் அடுத்த தாளும் போயிற்று. தாள் போன பிள்ளைகளின் முகத்தில் அன்று கண்ட மலர்ச்சியை எந்த இலக்கணப் பாடமும் தந்ததில்லை.

மனுஷனுக்கு விஷயம் தெரியும், அதைச் சொல்லத்தான் வேண்டும். தமிழில் அவன், அவள், அது ஒவ்வொன்றுக்கும் வினையின் முடிவை மாற்றுகிற நாம், ஆங்கிலத்தில் ஒருமைப் படர்க்கைக்கு வேண்டிய ஒரேயொரு 'எஸ்'ஸைக் கோட்டைவிட்டு 'ஹி டோன்ட் நோ' என்கிறோம் என்பார். 'டிட்' ஏற்கெனவே இறந்தகாலத்தைத் தலையில் தூக்கிவிட்டது, பிறகு 'வென்ட்' எதற்கு, 'கோ' போதும் என்பார். 'டிஸ்கஸ்' இருந்தால் 'எபவுட்' வேண்டாம். 'ரிட்டர்ன்' இருந்தால் 'பெக்' வேண்டாம். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மீனவர் பிள்ளைகளிடம் ரியூஷன் காசும் கேட்கமாட்டார்.

2009ஐ அரசாங்கம் ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டு என்று அறிவித்து, நம் வழியில் ஆங்கிலம் பேசுவோம் என்று பிரசாரம் செய்தது. எங்கள் உச்சரிப்புக்கு நாங்களே வெட்கப்படக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். சேருக்கு அது சொந்த அவமானம். "எங்கட வழி எண்டா பிழை வழியா?" என்று இன்றைக்கும் கேட்பார்.

நவம்பர் பிறந்தால் டொல்பின் பார்க்க வெள்ளைக்காரர் வருவார்கள். படகுப் பையன் சேரிடம் படித்தவன்தான். "டுமாரோ மோர்னிங் சிக்ஸ் கோ, மெனி டொல்பின் கம்" என்று ஒரு ஜெர்மன்காரரோடு பேரம் படியும் நேரத்தில் பின்னால் சேரின் குரல்: "டொல்பின்ஸ்! வில் கம்!" பையனுக்கு வாய் அடைத்துவிட்டது. பேச்சு நின்றுபோன சங்கடத்தில் ஜெர்மன்காரரே ஏதோ சொல்லவேண்டுமே என்று, "ஐ ஆம் ஹியர் சின்ஸ் த்ரீ டேய்ஸ்" என்றார்.

'ஹேவ் பீன்' எங்கே? 'ஃபோர்' எங்கே? எங்கள் பிள்ளை சொல்லியிருந்தால் பத்துத் தரம் எழுதவேண்டிய பிழை. சேர் "வெரி நைஸ், வெரி நைஸ்" என்று தலையாட்டினார். பேனை பையைவிட்டு வரவில்லை.

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மூன்றாம் ஆண்டிலிருந்து பதினோராம் ஆண்டுவரை பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்த பிள்ளை, ஓ.எல். எழுதிவிட்டு வந்து ஒரு வெளிநாட்டுக்காரருக்கு வழி சொல்லத் தயங்கி நிற்கிறது. எந்தச் சொல்லில் யார் மறிப்பாரோ என்ற பயம். அந்தப் பயத்தை ஊட்டி வளர்த்தவர் வெள்ளைத்தோலைக் கண்டதும் இலக்கணத்தை மறந்துவிடுகிறார்.

சேர், திருத்தவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கொப்பியில் எத்தனை வட்டமும் போடுங்கள். பேசும்போது மட்டும் வசனம் முடியும்வரை பொறுங்கள். கேட்ட பிழைகளில் இரண்டு மூன்றைக் குறித்து வைத்து, வகுப்பு முடிகிற நேரத்தில், சொன்ன ஆளின் பெயரைச் சொல்லாமல் பலகையில் எழுதி, பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்த ஜெர்மன்காரர் சொன்ன வசனத்தையும் அதில் ஒன்றாகப் போடுங்கள்.