ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணு

இந்தியாவில் தொலைபேசிப் புரட்சியைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு படத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். காங்கிரஸ்காரர் ராஜீவ் காந்தியையும் சாம் பிட்ரோடாவின் தாடியையும் காட்டுவார். பாஜககாரர் வாஜ்பாய் காலத்து 1999 தொலைத்தொடர்புக் கொள்கையை எடுத்துப் போடுவார். ஒரு ரூபாய்க்குக் காஷ்மீர்வரை பேசவைத்தது எங்கள் அமைச்சர்தான் என்று திமுககாரர் மீசையை முறுக்குவார். அம்பானி ரசிகர்கள் தனிக் கட்சி. எந்த மின்சாதனத்தைக் கண்டாலும் ஸ்குரூடிரைவரோடு பாய்கிற பிறவி நான். நாற்பது வருட ஆராய்ச்சிக்குப் பிறகு நான் கண்ட முடிவு வேறு. முழுப் பெருமையும் பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் பெரியப்பாவின் கஞ்சத்தனத்துக்கே சேரும்.

வரலாற்றை முறைப்படி பிள்ளையார் சுழியிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1876இல் கிரகாம் பெல் தன் உதவியாளர் வாட்சனைத் தொலைபேசியில் கூப்பிட்டார். வாட்சன் இருந்தது பக்கத்து அறையில். எங்கள் பெரியப்பாவாக இருந்தால் கதவைத் திறந்து ஒரு சத்தம் போட்டிருப்பார், காசு மிச்சம். ஆறு வருடம் கழித்து, 1882 ஜனவரியில், கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்று ஊரிலும் இணைப்பகங்கள் திறந்தார்கள். கல்கத்தாவில் மொத்தச் சந்தாதாரர்கள் 93 பேர். சாயங்காலமானால் ஒரே கிளப்பில் உட்கார்ந்து விஸ்கி குடிக்கப்போகிற கூட்டமாகத்தான் இருந்திருக்கும். பகலெல்லாம் அவர்கள் அப்படி என்னதான் பேசினார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வெள்ளைக்காரன் போகும்போது ரயில், கிரிக்கெட், கோப்பில் குறிப்பெழுதும் வியாதி ஆகியவற்றோடு சுமார் 80 ஆயிரம் தொலைபேசிகளையும் விட்டுவிட்டுப் போனான். நம் அரசாங்கம் அவற்றைப் பாட்டி நகை மாதிரி பூட்டி வைத்துக்கொண்டது. 1980களின் தொடக்கத்தில் நாட்டில் இருந்த இணைப்புகள் 20 லட்சத்துக்குச் சற்று மேல், ஜனத்தொகை 68 கோடி. ஏறக்குறைய முந்நூறு பேருக்கு ஒன்று. விண்ணப்பம் போட்டவர்களின் மகள்கள் பிறந்து, வளர்ந்து, கல்யாணத்துக்கு நின்றார்கள். போன் மட்டும் வரவில்லை. எம்.பி. சிபாரிசு, சிறப்புப் பட்டியல், பெருந்தொகை முன்பணம் கட்டினால் கிடைக்கும் ‘சொந்தத் தொலைபேசி’ திட்டம் என்று சொர்க்கத்துக்குப் பல வாசல்கள். ‘போன் அடிக்கடி செத்துப்போகிறதே’ என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அன்றைய தகவல் தொடர்பு அமைச்சர் சி.எம். ஸ்டீபன், தொலைபேசி ஆடம்பரம், உரிமை அல்ல, பிடிக்காதவர்கள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிற தோரணையில் பதில் சொன்னார். வாடிக்கையாளர் சேவை என்றால் இதுவல்லவா சேவை!

பெரியப்பாவிடம் போன் இருந்தது. அரிசி மில் வைத்திருந்தார், நெல் விலை விசாரிக்க வேண்டும். மரமேஜை மேல் கறுப்பாக, கனமாக, பூவேலை போட்ட துணி போர்த்தி, பக்கத்தில் ஒரு தகர உண்டியலோடு அது அமர்ந்திருக்கும். தெருவில் உள்ள அத்தனை பேருக்கும் அதுதான் போன். கல்யாணப் பத்திரிகையில், லெட்டர்பேடில், ஒருவர் விசிட்டிங் கார்டில்கூட எங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று அச்சிட்டிருந்தார்கள். போன் வந்தால் பெரியம்மா திண்ணையில் நின்று, “ஏ டீச்சரம்மா, ஒங்களுக்குப் போனு!” என்று கத்துவாள். டீச்சரம்மா வந்து பேசி முடிக்கும்வரை தெருவே காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். யாருடைய மாப்பிள்ளை பம்பாயில் வேலையை விட்டான், எந்த வீட்டில் பாகப்பிரிவினைச் சண்டை, எல்லாம் அந்தத் திண்ணையில் தெரியும். தனிமனித ரகசியம் பற்றி இப்போது உச்ச நீதிமன்றம்வரை போய் வாதாடுகிறோம். அந்தக் காலத்தில் எங்கள் தெருவின் சர்வர் பெரியம்மாதான்.

உண்டியலையும் மீறி யாராவது ஓசியில் பேசிவிடுவார்கள் என்று பெரியப்பா டயலில் ஒரு குட்டிப் பித்தளைப் பூட்டுப் போட்டிருந்தார். சாவி பூணூலில். இங்கேதான் என் தொழில்நுட்ப வாழ்க்கை தொடங்குகிறது. டயலைச் சுழற்றிவிட்டால் அது திரும்பி வரும்போது செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். லைனை டக் டக்கென்று துண்டித்துத் துண்டித்துச் சேர்ப்பது. ஒன்றுக்கு ஒரு துண்டிப்பு, ஒன்பதுக்கு ஒன்பது, பூஜ்யத்துக்குப் பத்து. ரிசீவரை வைத்தால் அமுங்குகிற அந்தக் குமிழும் லைனைத் துண்டிக்கத்தான் செய்கிறது. அப்படியென்றால் டயல் எதற்கு, பூட்டு எதற்கு? குமிழைத் தாளம் தப்பாமல் தட்டினால் போதும். நாலு தட்டு, ஒரு நிறுத்தம், ஏழு தட்டு, ஒரு நிறுத்தம். மிருதங்க வகுப்புக்கு அனுப்பியதில் எனக்குக் கிடைத்த ஒரே பலன் இது. பூஜ்யம்தான் கஷ்டம். பத்தைத் தட்டும்போது ஒன்று பிசகினால் யாரோ ஒரு வக்கீல் வீட்டில் மணி அடிக்கும். எண்ணில் இரண்டு பூஜ்யம் வைத்திருந்த வீட்டுப் பையன்களோடு நான் நட்பே வைத்துக்கொள்ளவில்லை.

வெளியூருக்குப் பேச ட்ரங்க் கால் பதிய வேண்டும். சாதாரணம், அவசரம், மின்னல் என்று மூன்று ஜாதி. மின்னல் அழைப்புக்குக் கட்டணமும் மின்னல்தான், சாவுச் செய்திக்கு மட்டும். பெரியப்பா எதற்கும் சாதாரணம்தான் பதிவார். காலையில் பதிந்துவிட்டு, குளித்து, சாப்பிட்டு, மில்லுக்குப் போய்த் திரும்பினால் ராத்திரி கிடைக்கும், கிடைத்தால்.

அதிலும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். குறிப்பிட்ட நபரோடு மட்டும் பேச வேண்டும் என்று பதியலாம். அந்த நபர் இல்லையென்றால் முழுக் கட்டணம் கிடையாது, சிறுதொகையோடு போய்விடும். சென்னையில் படித்த அக்கா ஊர் போய்ச் சேர்ந்ததும் எங்கள் எண்ணுக்குப் போட்டு ‘பிச்சையா இருக்காரா’ என்று கேட்பாள். பெரியப்பா கம்பீரமாக, “இல்லையே, வெளியூர் போயிருக்காரே” என்பார். பிச்சையா என்று ஒருவர் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. பிச்சையாவைக் கேட்டால் சௌக்கியமாகச் சேர்ந்தாச்சு. சங்கரனைக் கேட்டால் பணம் அனுப்பு. இந்தியாவின் முதல் மிஸ்டு கால் கொடுக்கப்பட்டது இப்படித்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். மறுப்பவர்கள் தங்கள் பெரியப்பாவின் ஆதாரங்களோடு வரலாம்.

1984இல் சாம் பிட்ரோடா வந்தார். சி-டாட் என்கிற நிறுவனத்தைத் தொடங்கி, 36 மாதம், 36 கோடி ரூபாய், நம் நாட்டுக்கேற்ற மின்னணு இணைப்பகம் செய்து தருகிறோம் என்றார்கள். வெளிநாட்டு இணைப்பகங்கள் ஏ.சி. அறையில் மகாராஜா மாதிரி இருக்க வேண்டியவை. இவர்கள் செய்த 128 இணைப்புப் பெட்டியோ வெயில், தூசி எதற்கும் அசராமல் ஏ.சி. இல்லாமலே ஓடியது. 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதலாவதை வைத்தார்கள். கிண்டலை ஒரு நிமிடம் ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன், நம் நாட்டில் ராக்கெட்டுக்குக் கொடுக்கிற மாலையில் பாதியாவது அந்தப் பெட்டிக்குப் போட்டிருக்க வேண்டும். நமக்குத்தான் மேலே போகிற பொருள் மீது மட்டுமே பக்தி.

பிறகு ஊரெல்லாம் மஞ்சள் போர்டு. எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஓடாத விசிறி, தலைக்கு மேல் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். இரவு ஏற ஏறக் கட்டணம் இறங்கும், பதினொரு மணிக்கு மேல் கால்வாசி. நாட்டில் அத்தனை குடும்பப் பாசமும் பதினொரு மணிக்கு மேல் பூத் வாசலில் வரிசையில் நின்றது. பெரியப்பா வீட்டு போனை விட்டுவிட்டு பூத்துக்குப் போவார். வீட்டில் மீட்டர் கண்ணில் தெரியாது, பூத்தில் ஓடுகிற காசைப் பார்த்துக்கொண்டே பேசலாமே! “நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், வைக்கேன்.” அவர் மகளோடு அந்தப் பத்து வருடத்தில் பேசியதை மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு சினிமா நீளம் வராது.

1995 ஜூலை 31. இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. செய்தவர் மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, எடுத்தவர் டெல்லியில் மத்திய அமைச்சர் சுக்ராம். கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று கொடிபிடித்த கட்சியின் தலைவர்தான் பணக்காரர்களின் புது விளையாட்டுச் சாமானைத் திறந்துவைத்தார். வரலாறு என்னைவிடக் கிண்டல்காரன். மறுமுனையில் ‘ஹலோ’ சொன்ன சுக்ராம் கதை இன்னும் ருசி. அடுத்த வருடமே, 1996 ஆகஸ்டில், சிபிஐ அவர் வீடுகளில் சோதனை போட்டு 3.6 கோடி ரூபாய் ரொக்கத்தை எடுத்தது. பூஜையறையில்கூட நோட்டுக்கட்டு. பின்னாளில் நீதிமன்றம் தண்டனையும் கொடுத்தது.

அந்தப் புது போனில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். பேசினாலும் காசு, அடுத்தவன் கூப்பிட்டு நீங்கள் எடுத்தாலும் காசு. அதாவது எவனோ ஒருவன் ராங் நம்பர் போட்டால் நீங்கள் அபராதம் கட்ட வேண்டும். சென்னையில் ஸ்கைசெல், ஆர்பிஜி என்று இரண்டு நிறுவனங்கள் இதை விற்றன. செங்கல் மாதிரி போனை இடுப்பில் செருகிக்கொண்டு, மணி அடித்தால் எண்ணைப் பார்த்துவிட்டு, அவசரமாகக் கட் பண்ணி, பக்கத்து மஞ்சள் பூத்துக்கு ஓடினவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிச்சையா மறுபிறவி எடுத்தது இங்கேதான். ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால் வீட்டுக்கு வந்தாச்சு. இரண்டு என்றால் கீழே நிற்கிறேன், இறங்கி வா. மூன்றாவது ரிங்கும் அடித்தால் பயப்பட வேண்டும், நிஜமாகவே பேச வேண்டிய விஷயம்.

இதற்கிடையில் அறிஞர்கள் பெயர்வைக்கும் விழா நடத்தினார்கள். செல்லிடப்பேசி, அலைபேசி, கைபேசி. முதலாவதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பல்ஸ் ஓடிவிடும் என்பதால் பெரியப்பா ‘செல்லு’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

2003 மே முதல் தேதி, வருகிற அழைப்புக்குக் காசில்லை என்றார்கள். அதே வருடம் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்கு போனைக் கையில் கொடுத்தது, நோக்கியா 1100 டார்ச் விளக்கோடு வந்தது. பின்னால் தமிழ்நாட்டில் வரப்போகிற மின்வெட்டு பின்லாந்துக்காரனுக்கு முன்கூட்டியே எப்படித் தெரிந்ததோ! 2006 மார்ச்சில் நாடு முழுக்க ஒரு ரூபாய்க்குப் பேச்சு. அதே ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவே வந்து இறங்கியது. விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற அந்தப் பெண்பிள்ளைகளின் கைவண்ணம் எத்தனையோ நாட்டுச் சட்டைப் பைகளில் இருந்தது. 2014 நவம்பரில் ஆலையைப் பூட்டினார்கள். போன் இன்னும் ஓடுகிறது, ஆலை இல்லை.

அப்புறம் நம் ஊர் தேசிய அரசியலுக்குக் கொடுத்த கொடை, 2ஜி. 2010இல் தணிக்கை அதிகாரி அறிக்கையில் வந்த உத்தேச இழப்பு 1.76 லட்சம் கோடி. டீக்கடையில் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்து பூஜ்யம் எண்ணினார்கள். என் பழைய குமிழ் தட்டும் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 176க்குப் பின்னால் பத்து பூஜ்யம், ஆக 114 தட்டு. விரல் போய்விடும். 2012இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை என்று அனைவரையும் விடுவித்தது, சிபிஐ மேல்முறையீட்டுக்குப் போனது. ‘உத்தேச இழப்பு’ என்றால் என்னவென்று ஊரே குழம்பியபோது பெரியப்பா ஒருவருக்குத்தான் சட்டென்று புரிந்தது. வந்திருக்க வேண்டியது வராமல் போனதும் நஷ்டம்தான் என்று ஆயுள் முழுக்கக் கணக்கெழுதியவர் அவர்.

அவருடைய கலை டெல்லிக்கும் போனது. 2011இல் அண்ணா ஹசாரே போராட்டத்துக்கு ஆதரவா, ஒரு மிஸ்டு கால் கொடுங்கள் என்றார்கள். 2014இல் பாஜக மிஸ்டு காலிலேயே உறுப்பினர் சேர்த்தது. தடியடியும் சிறையும் கண்டு வளர்ந்த தேசத்தில், போனை எடுக்காமலே புரட்சி, எடுக்காமலே கட்சி. காசு செலவில்லை என்றால் நம் ஆட்கள் எந்தக் கொள்கைக்கும் ஒரு ரிங் விடுவார்கள்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து பேச்சுக்குக் காசே இல்லை என்றது. மிஸ்டு கால் அன்றோடு செத்திருக்க வேண்டும். பெரியப்பாவுக்கு இப்போது எண்பத்தேழு. போன தீபாவளிக்கு நானே அவருக்கு ஒரு வருடத்துக்கு ரீசார்ஜ் செய்துகொடுத்தேன். அளவில்லாமல் பேசலாம் பெரியப்பா, பைசா கிடையாது என்று மூன்று தடவை சொன்னேன். தலையாட்டினார். மறுநாள் நான் சென்னை வந்து சேர்கிற நேரத்துக்குச் சரியாக அவர் பெயர் திரையில் மின்னியது. கையில் போன் இருந்ததால் முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டேன்.

ஒரு நொடி சத்தமே இல்லை.

“சவத்த, எதுக்குலே எடுத்த?” என்றார். கட்.