ஒரு டம்ளர் மிக்ஸி

எதிர்வீட்டில் மிக்ஸி ஓடினால் எங்கள் வீட்டு டிவியில் கோடு விழுந்த காலம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்தில் கதாநாயகி அழத் தொடங்கும் நேரமாகப் பார்த்து யாராவது சட்னி அரைப்பார்கள். திரையெங்கும் வெள்ளைப் புள்ளிகள் பறக்கும். அது யார் வீட்டு மிக்ஸி என்று சத்தத்தை வைத்தே அம்மா சொல்லிவிடுவாள். உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார்.

அதற்கும் முன்னால், கும்பகோணத்து வீட்டின் கொல்லைத் தாழ்வாரத்தில் அம்மிதான் எல்லாம். மிளகாயையும் உப்பையும் முதலில் நைத்து, தேங்காயைச் சேர்த்து, வறுத்த துவரம்பருப்பைக் கடைசியில் போட்டு, கொரகொரவென்று இருக்கும்போதே அம்மா குழவியை நிமிர்த்தி அதில் ஒட்டியதை உள்ளங்கை ஓரத்தால் வழிப்பாள். கல்லில் படிந்திருக்கும் மிச்சத்தில் ஒரு கைப்பிடி சுடுசோற்றைப் போட்டுப் புரட்டி அவள் உருட்டித் தரும் உருண்டைக்காக, பள்ளிக்கூடத்துக்கு நேரமானாலும் நாங்கள் அத்தனை பேரும் சுற்றிக் குந்தியிருப்போம். கல் வழவழத்துப்போனால் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருகிற அம்மி கொத்துகிறவரைக் கூப்பிடுவார்கள். அவர் உளியால் பொளிந்துவிட்டுப் போனதும், கல்துகள் போக நொய்யை அரைத்துக் கொட்டிய பிறகுதான் துவையல். அந்த உருண்டைக்கு இன்றும் ஏங்குகிறேன். அதற்காக அம்மாவின் தோள்வலியையும் திரும்பக் கேட்க மாட்டேன்.

பிறகு மிக்ஸி வந்தது. பம்பாயில் இருந்த பொறியாளர் சத்யபிரகாஷ் மாத்தூர், தன் மனைவியின் ஜெர்மன் மிக்ஸி நம் ஊர் அரவைக்குத் தாங்காமல் பழுதாக, உளுந்துக்கும் தேங்காய்க்கும் அசராத மோட்டாரோடு 1960களில் கொண்டுவந்த சுமீத்தான் எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. சுமை ஏறினால் சட்டென்று நின்றுவிடும். கவிழ்த்துப் பிடித்து அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துவது வீட்டில் எனக்கு மட்டுமே தரப்பட்ட உத்தியோகம், அந்த வயதில் அதில் எனக்குச் சொல்ல முடியாத பெருமை. ஜாரில் சோற்றைப் புரட்ட முடியாது, பிளேடு இருக்கிறது. தண்ணீர் விட்டு ஒரு சுற்று சுற்றி, அலசிய அந்தத் தண்ணீரை அம்மா குழம்பில் ஊற்றிவிடுவாள். மிச்சம் வீணாகவில்லை, ஆனால் எங்கள் கைக்கும் வரவில்லை. மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த வருடங்களில் கரண்ட் போவதற்குள் அரைத்துவிட வேண்டும் என்று வீடே ஓடியதும், 2011-ல் அரசே மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது எத்தனையோ வீடுகளில் அம்மி கொல்லைக்குப் போனதும் நேற்று நடந்தது போல் இருக்கின்றன.

இப்போது எங்கள் சமையலறை மேடையில் பெரிய மிக்ஸிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மிக்ஸி இருக்கிறது. ஒரு ஆளுக்கானது. டம்ளரில் போட்டு, பிளேடு வைத்த மூடியைத் திருகி, கவிழ்த்து வைத்து அழுத்தித் திருப்பினால் ஓடுகிறது; மூடியைக் கழற்றிவிட்டு அதிலேயே குடித்துவிட்டுக் கிளம்பலாம். வாழைப்பழமும் பாலும் மகனுக்கு, மாம்பழம் பேத்திக்கு, மருமகளுக்கு ராகிக் கூழ். ஒரே சட்னியைச் சுற்றி உட்கார்ந்து உப்பு கூட, காரம் குறைச்சல் என்று எல்லோரும் சண்டை போட்ட காலை நேரம் இதில் கரைந்துபோனதில் எனக்கு மெய்யாகவே வருத்தம். ஆளுக்கொரு ருசி, ஆளுக்கொரு நேரம்.

ஆனால் அதே குட்டி மிக்ஸிதான் அம்மாவுக்கு அடுப்படியைத் திருப்பிக் கொடுத்தது. பெரிய ஜாரைத் தூக்கக் கை நடுங்குகிறதென்று ஒதுங்கியிருந்தவள், இந்த டம்ளர் கைக்கு அடக்கமாக இருப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் தனக்கு மட்டும் கறிவேப்பிலைத் துவையல் அரைத்துக்கொண்டாள். மிளகாயும் உப்பும் முதலில், தேங்காய் பிறகு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, அம்மியில் செய்த அதே வரிசை. பிளேடைச் சுற்றிக் குழிந்து சுற்றாமல் நின்றால் எடுத்து ஒரு குலுக்குக் குலுக்குவாள். அடி சுட ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு, "அதுக்கும் மூச்சு வாங்கும்ல, கொஞ்சம் ஆறட்டும்" என்பாள்.

அதிலிருந்து தகராறுதான். "பெரிய பாட்டி, என் மாம்பழ ஜூஸ்ல பூண்டு வாசனை அடிக்குது" என்று பேத்தி ஒருநாள் டம்ளரை நீட்டினாள். அரப்புப் போட்டுக் கழுவியும் பிளாஸ்டிக்கை விட்டு அது போகவில்லை. அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "காலையில நீங்கள்லாம் குடிச்சிட்டுக் கிளம்புங்க கண்ணு, நான் பத்து மணிக்கு மேல அரைச்சுக்கறேன். எனக்குன்னு இன்னொரு டம்ளர் வாங்கச் சொல்லு உங்கப்பாவை" என்றாள்.

வாங்கியாகிவிட்டது. அதன் அடியில் பேத்தி பேனாவால் 'பெ.பா.' என்று எழுதி வைத்திருக்கிறாள். அதில் வேறு யாரும் பழம் போடக் கூடாது. துவையல் முடிந்ததும் பிளேடு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த டம்ளருக்குள் அம்மா நல்லெண்ணெயும் சோறும் போட்டுப் பிசைகிறாள். அதற்கு நானும் பேத்தியும் போட்டி.